துப்பாக்கியைப் பார்க்காமல் போட்ட மருந்து

போன வாரம் நான் கடைப் பக்கம் வந்தபோது, தோட்டா மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னைப் பிடித்து உட்காரவைத்து, ஆசிரியையை அழைக்கும் பர்மியச் சொல்லால் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஸயாமா, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த மருந்து நல்ல மருந்து?" நான் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வயதாகிவிட்டது, மறந்துபோயிருப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. அந்தப் பதிலை நின்ற இடத்தில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எடைகளும் அளவுக் கரண்டிகளும் மேசைக்கு மேலே தொங்கும் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது பட்டியலில் இல்லாதது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு இருபத்து நான்கு வயதிருக்கும்போது நடந்தது. வீடு ரங்கூனின் க்யிம்யிண்டைங்கில். அப்பா துறைமுகத்தில் எழுத்தர். மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை நம்பி, லான்மடாவில் இருந்த இந்தத் துப்பாக்கிக் கடையில் கடிதம் எழுதவும் டப்பாக்களில் ஒட்டியிருக்கும் சீட்டுகளை வாசிக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளி ஒரு பார்சிக்காரர். சீமைத் தோட்டா கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும் என்பதால், வாடிக்கையாளர்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். நாங்கள் அடியில் பொறி விடும் புது கேப்பு வைத்து, மருந்து போட்டு, குண்டு பொருத்திக் கொடுப்போம். என் கை நடுங்குவதில்லை என்று முதலாளி ஒருநாள் கவனித்தார். அடுத்த வாரமே என்னைத் தோட்டா மேசையில் உட்காரவைத்துவிட்டார். ஒரு பெண் மருந்து அளப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் கடைக்கு வந்ததுண்டு.

பக்கத்து மேசையில் கோ சிட். துப்பாக்கி பழுது பார்ப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பர்மியர்தான். ஆனால் ரயில்வே லைனில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் நம் பேச்சைச் சரளமாகப் பேசுவார். அதிலும் குறைவாகத்தான் பேசுவார். அவர் எனக்குப் பாடம் எதுவும் எடுத்ததில்லை. அவர் வேலையை அவர் பார்ப்பார், என் வேலையை நான் பார்ப்பேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து, தடிஞ்சுட் விளக்குப் பண்டிகைக்கு இரண்டு நாள் இருந்தது. முதலாளி மேம்யோவில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கடை என் பொறுப்பில். கைத்துப்பாக்கிக்கென்று நாங்கள் வழக்கமாகப் போடும் புகையில்லா மருந்து தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. புதுச் சரக்கு வரவேண்டிய கப்பல் வரவில்லை.

அன்று மதியம் மாவ்பி பக்கத்துக் கிராமம் ஒன்றின் தலைவர் ஊ பா லின் வந்தார். அறுபது வயதிருக்கும். துணிப்பையிலிருந்து காலிக் கூடுகளை மேசைமேல் கொட்டினார்.

"தமி, இருபத்து நாலு தோட்டா வேணும். இன்னிக்கே வேணும்" என்றார். தமி என்றால் மகளே, ஊலே என்றால் மாமா என்று உங்களுக்குத் தெரியும்.

"மருந்து தீர்ந்துபோச்சு, ஊலே. கப்பல் வரட்டும். அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வந்து என்ன செய்ய? பக்கத்து ஊருக்குக் கொள்ளைக்காரங்க வந்து மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. பண்டிகைக்கு எங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் பகோடா கோயிலுக்குப் போயிடுவாங்க. துப்பாக்கி இருக்கிறது என் ஒருத்தன்கிட்டதான். வெறும் துப்பாக்கிய வெச்சுக்கிட்டு நான் என்ன செய்றது, நீயே சொல்லு."

நான் பீரோவைப் பார்த்தேன். அதில் மூன்று வகை இருந்தது. வேட்டைத் துப்பாக்கிக்குப் போடும் பழைய கருமருந்து. ரைஃபிளுக்குப் போடும் புகையில்லா மருந்து. கடைசியாக, மழை ஈரத்தில் சீட்டு உரிந்துபோன பாதி டப்பா ஒன்று.

கருமருந்து என்றால் புகை, அழுக்கு, பழங்காலம். அதைக் கொடுக்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ரைஃபிள் மருந்தின் சீட்டு மினுமினுப்பாக இருந்தது. ஐந்நூறு கஜத்தில் மானை விழவைக்கிற மருந்து, ஐந்து கஜத்தில் ஒரு கொள்ளைக்காரனை விரட்டாதா? இதுதான் நான் போட்ட கணக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கோ சிட் சாப்பிடப் போயிருந்தார். அவர் வர அரை மணி நேரம் ஆகும். பெரியவருக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் என் முன்னாலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வழக்கமான கரண்டியாலேயே ரைஃபிள் மருந்தை அளந்து போட்டேன். கூடுகள் இருபத்தாறு இருந்தன. இருபத்தாறையும் நிரப்பி, கேட்ட இருபத்து நாலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். பெரியவர் என் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார்.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல, தமி. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மூணு சுட்டுப் பாத்துப் பழகிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மிச்சம் இரண்டு தோட்டா மேசையில் கிடந்தது. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் வரும்போது கடைக்குப் பின்னால், பலகை வைத்துச் சுட்டுப் பார்க்கும் மணல் பெட்டி அருகே கோ சிட் நின்றுகொண்டிருந்தார். கையில் கடையின் சோதனை ரிவால்வர்.

"மா அன்னா, இங்க வா."

அன்னா என்ற என் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு மா போட்டுத்தான் கூப்பிடுவார். குரல் உயரவில்லை. ஆனாலும் என்னவோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேசையில ரெண்டு தோட்டா கிடந்துச்சு. ஒண்ணச் சுட்டேன். சத்தம் சரியா வரல. பலகையில ஓட்டையும் இல்ல." ஒரு பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். கம்பி பாதி தூரம் போய் முட்டி நின்றது. "குண்டு உள்ளேயே நிக்குது. இன்னொண்ணு சுட்டிருந்தா குழல் வெடிச்சிருக்கும். என்ன மருந்து போட்ட?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. துப்பாக்கியைச் சாய்த்தார். சரியாக எரியாத மருந்துத் துணுக்குகள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தன. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரைஃபிள் மருந்து நிதானமாக எரிவது. நீளக் குழலுக்காகச் செய்தது. சாண் நீளக் குழலில், சின்னக் கூட்டில், அதற்கு வேகம் பிடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. வலுவான மருந்து என்று நான் நினைத்தது அந்த இடத்தில் நோஞ்சானாகிவிட்டது. அந்த நோஞ்சான்தனம்தான் அடுத்த குண்டில் ஆளைக் கொல்லும்.

"எத்தனை குடுத்த?"

"இருபத்து நாலு." பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "இன்னிக்கு மத்தியானம் சுட்டுப் பாக்கப்போறேன்னு சொன்னாரு."

மாவ்பிக்கு அடுத்த ரயில் பத்து மணிக்கு. மணி எட்டு.

முதலில் தந்தி கொடுக்கலாம் என்றேன். காகிதத்தை எடுத்து, "பெட்டி மாறிவிட்டது, தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதினேன். கோ சிட் என் தோளுக்கு மேலிருந்து படித்தார்.

"பெட்டி மாறல, மா அன்னா. மருந்து மாறிச்சு."

"கடைப் பேரு கெட்டுப்போகுமே, கோ சிட்."

"பெட்டி மாறிச்சுன்னா அவரு என்ன நினைப்பாரு? சரி, வேற யாருக்கோ உள்ள தோட்டா, இருந்தாலும் வெடிக்கும்தானேன்னு ஒண்ணச் சுட்டுப் பாப்பாரு. நீ உண்மைய எழுதினாத்தான் தொடமாட்டாரு."

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். "தோட்டாவில் தவறான மருந்து. சுட்டால் ஆபத்து. தொடவேண்டாம்" என்று எழுதினேன். அந்த வார்த்தைகளை எழுதியபோது என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

தந்தி மாவ்பி ஸ்டேஷன்வரை போகும். அங்கிருந்து கிராமத்துக்கு நாலைந்து மைல். யார் எப்போது கொண்டுபோய்க் கொடுப்பார்களோ தெரியாது. தந்தி கொடுத்தாயிற்று, இனி நம் கையில் இல்லை என்று உட்கார்ந்துவிடலாம் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. உங்களுக்கும் ஒருநாள் சொல்லும். அந்த மூலையை நம்பாதீர்கள்.

"கடைய மூடிட்டுப் போவோம்" என்றேன். முதலாளியைக் கேட்காமல் வேலை நாளில் கடையை மூடுவது அதுவரை நடந்ததில்லை.

"போவோம். ஆனா வெறுங்கையோட போகக்கூடாது" என்றார் கோ சிட். "அந்தாளுகிட்ட இருக்கிறதப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டா, பண்டிகையன்னிக்கு அவரு என்ன பண்ணுவாரு? பன்னெண்டாவது செஞ்சு எடுத்துக்கிட்டுப் போகணும்."

மறுபடியும் பீரோ முன்னால் நின்றேன். இந்தத் தடவை என் கை சீட்டு இல்லாத டப்பாவுக்குப் போனது. திறந்து பார்த்தேன். அதே நிறம், அதே செதில்.

"கோ சிட், இது நம்ம பழைய மருந்து மாதிரியே இருக்கு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாதிரி?" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. டப்பாவை மூடிக் கீழே வைத்தேன். பெயர் தெரியாத மருந்தை நிறம் பார்த்தும், சிட்டிகை எடுத்துக் கொளுத்திப் பார்த்தும் அடையாளம் சொல்கிறவர்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்த தட்டில் எரிவது வேறு, மூடிய கூட்டில் எரிவது வேறு. சீட்டுப் போன மருந்துக்கு மேசையில் இடமில்லை. யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

மிச்சம் இருந்தது, முதல் நாள் நான் கேவலமாக நினைத்த கருமருந்து. அந்த அளவுத் தோட்டா முதன்முதலில் செய்யப்பட்டதே அந்த மருந்துக்குத்தான் என்று கோ சிட் நினைவுபடுத்தினார். புகை வரும், கறையும் பிடிக்கும். ஆனால் பழகிய மருந்து, நடத்தை தெரிந்த மருந்து. நான் அளந்தேன், அவர் குண்டு பொருத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக என் கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார். நான் நிரப்பிய ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குண்டு வைத்தார். கடையில் கிடந்த பழைய கூடுகளில் பதின்மூன்று செய்தோம். ஒன்றை மணல் பெட்டியில் சுட்டுப் பார்த்தோம். குண்டு பலகையைத் துளைத்து வெளியே போயிருந்தது. பன்னிரண்டை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

பத்து மணி ரயிலைப் பிடித்தோம். மாவ்பியில் இறங்கி விசாரித்தால், தந்தி ஸ்டேஷன் மேசையிலேயே கிடந்தது. பண்டிகைக் கூட்டத்தில் கொண்டுபோக ஆள் இல்லை என்றார்கள். மாட்டு வண்டி ஒன்று பிடித்தோம். ஊர் தெரியும் தூரத்தில் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். காலையில் கோ சிட் சொன்னாரே, சரியா வரல என்று, அந்தச் சத்தம்.

ஓடினேன். புடவை சகதியில் நனைந்து காலைச் சுற்றியது. மூங்கில் வேலிக்கு அந்தப்பக்கம் ஊ பா லின் நிற்பது தெரிந்தது. துப்பாக்கியைக் கண்ணருகே தூக்கி, இது ஏன் இப்படி என்று பார்ப்பவர்போலப் பார்த்துவிட்டு, மறுபடி கையை நீட்டிக் குறிபார்த்தார். பக்கத்தில், கை தொடும் தூரத்தில், அவர் மனைவி தோட்டாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ம பிச்நே!" சுடாதீர்கள் என்று என் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஊலே, ம பிச்நே!"

அவர் திரும்பினார். துப்பாக்கி மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்தது. நான் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கோ சிட் பின்னாலேயே வந்து துப்பாக்கியை வாங்கி, உருளையைத் திறந்து தோட்டாக்களை எடுத்தார். குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் நின்றது. பெரியவர் அந்தக் கம்பியையும் என்னையும் பார்த்தார்.

"என்ன இது, தமி?"

கோ சிட் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"தப்பான மருந்து போட்டுட்டேன், ஊலே. வேற யாரும் இல்ல, நான்தான். குண்டு குழலுக்குள்ள மாட்டிக்கிச்சு."

"நான் இன்னொரு தடவ அழுத்தியிருந்தா?"

"குழல் வெடிச்சிருக்கும். உங்க கை போயிருக்கும். கண்ணும் போயிருக்கலாம்." அவர் மனைவியைப் பார்த்தேன். "அம்மாவுக்கும்."

அந்த அம்மாள்தான் முதலில் அசைந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் காலில் இருந்த சேற்றை நான் தடுக்கத் தடுக்கக் கழுவிவிட்டார். கழுவிக்கொண்டே கேட்டார்: "ரங்கூன்லேர்ந்து இதச் சொல்லவா ஓடி வந்தே?" அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கோ சிட் குழலில் சிக்கிய குண்டை மெதுவாகத் தட்டி எடுத்தார். பிறகு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு அதன் உருளையை அசைத்துக் காட்டினார். லேசாக ஆடியது. பெரியவரின் அப்பா காலத்துத் துப்பாக்கி அது. கருமருந்துக்காகவே செய்யப்பட்டு, தேய்ந்துபோனது.

"நம்ம வழக்கமான மருந்து இருந்து, நீ அதப் போட்டிருந்தாலும் இதுக்கு ஆகாது" என்று தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "துப்பாக்கிய நீ பாக்கவே இல்ல, இல்லையா?"

பார்க்கவில்லை. கூடு என்ன அளவு என்று மட்டும் பார்த்தேன். என் தப்பு கப்பல் வராததில் தொடங்கவில்லை, பீரோ முன்னால் நின்றதிலும் தொடங்கவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லாத அந்த நொடியில் தொடங்கியது. இருபத்து மூன்று தோட்டாக்களையும் சுட்ட கூட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டோம். பன்னிரண்டு கருமருந்துத் தோட்டாவைக் கொடுத்தோம். பெரியவர் அவரே இரண்டைச் சுட்டுப் பார்த்தார். புகையில் இருமினார். குண்டு இரண்டும் வாழைத்தண்டில் பாய்ந்திருந்தன. சோறு போடாமல் எங்களை அனுப்பமாட்டேன் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டோம்.

திரும்பும் ரயிலில் கோ சிட்டிடம் கேட்டேன். "நான் செஞ்ச தோட்டா மேல உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்துச்சு?"

"சந்தேகம் இல்ல. நீ அவசரத்துல செஞ்சிருந்தே. மருந்துத் தூள் துடைக்காம கிடந்துச்சு. நீ எப்பவும் துடைச்சிட்டுத்தான் போவே." சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அவசரத்துல செய்றதையும் யாராவது ஒரு தடவ பாத்தா எனக்கு நல்லாருக்கும்."

மறுநாளிலிருந்து நான் பார்த்தேன். அவர் பழுது பார்த்த துப்பாக்கியை நானும், நான் நிரப்பிய தோட்டாவை அவரும். இன்று நீங்கள் கையெழுத்துப் போடும் இரட்டைச் சோதனைச் சீட்டு யாரோ மேலதிகாரி கொண்டுவந்தது என்று நினைத்திருப்பீர்கள். அது மாவ்பி ரயிலில் பிறந்தது.

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினேன். அவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. இந்துஸ்தானியில் கேட்டார்: "கடைய மூடினது யாரு யோசனை?"

"என்னுது, சேட்."

"அந்த யோசனை வந்தவள நான் எப்படி அனுப்புவேன்? அடுத்த ஆளுக்கு அது வரும்னு என்ன நிச்சயம்?" கடிதத்தை என் பக்கமே தள்ளினார். "ஆனா ஆறு மாசத்துக்குப் பீரோ சாவி கோ சிட்கிட்ட இருக்கும்." இருந்தது. சரியான தண்டனை. நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஊ பா லின் வந்தார். கொள்ளைக்காரர்கள் வந்தார்களாம், பண்டிகையன்று அந்தி நேரத்தில். இவர் மூங்கில் வேலிக்குப் பின்னாலிருந்து நாலு சுட்டார். அந்தப் புகையையும் சத்தத்தையும் பார்த்து, வேலிக்குப் பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து ஓடிவிட்டார்களாம். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கோ சிட்டும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அதற்குள் கப்பல் வந்திருந்தது. அலமாரியில் புது மருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பெரியவர் அவற்றைக் கவனித்தார்.

"பக்கத்துத் தெருக் கடையில இந்தப் புது மருந்துத் தோட்டா என் துப்பாக்கிக்குப் போகும்னு சொன்னாங்க, தமி. புகையே வராதாமே?"

"புகை வராது, ஊலே. ஆனா உங்க துப்பாக்கி தாங்காது. நான் தரமாட்டேன்."

நல்ல வாடிக்கையாளர் ஒருவரிடம் இல்லை என்று சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன் என்னால் சொல்ல முடியாமல்போனது அதுதான். கோபித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் இடுப்புத் துணியை விலக்கி, அந்தப் பழைய ரிவால்வரை எடுத்துக் காலியாக இருக்கிறது என்று திறந்து காட்டி, என் முன்னால் வைத்தார்.

"அவங்க நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா அவங்க சொன்னது தப்பா இருந்தா, சேத்துல ஓடி வருவாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றார். "நீயே பாத்து, எது போடணுமோ அதப் போடு."

நான் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.